பழைய தொலைக்காட்சியில் மடிகணினிப் படம்

கடந்த மாரி தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு பொதுமண்டபத்தில் காணிக் கூட்டம் ஒன்று நடந்தது. இடம்பெயர்ந்து வந்து இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாத குடும்பங்களின் பெயர், பழைய காணி இருந்த இடம், அதன் அளவு, கையில் உறுதி இருக்கிறதா அனுமதிப் பத்திரம் இருக்கிறதா என்ற விபரம் எல்லாம் பட்டியலாக ஒரு மடிகணினியில் இருந்தது. பிழை இருந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும். வந்தவர்கள் அறுபது பேருக்கு மேல். மடிகணினியின் திரையோ ஒரு சுளகளவும் இல்லை.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். முன்னால் நின்ற நாலைந்து ஆண்கள் குனிந்து பார்த்தார்கள். பாயில் இருந்த பெண்கள், "தம்பி, என்ர பேர் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லு" என்று கேட்டார்கள். தம்பிமாரும் பார்த்து "இருக்குதம்மா" என்றார்கள். பெயர் இருந்தது உண்மைதான். பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை ஒருவரும் வாசித்துச் சொல்லவில்லை.

அதே மண்டபத்தின் மூலையில் 21 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று பழைய சேலைத் துண்டால் மூடிக் கிடந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் எப்போதோ வாங்கிக் கொடுத்த குழாய்ப் பெட்டி. அதைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. கூட்டத்தில் இருந்த நானும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் அது நினைவுக்கு வந்தது. மடிகணினியில் இருப்பதை அந்தப் பெட்டியில் காட்டலாமா, அதுவும் சனம் நடமாடும் இடத்தில் வயர் இழுக்காமல் காட்டலாமா என்று விசாரித்து, கடைகளில் ஏறி இறங்கி, ஒரு முறை பிழையான பொருளை வாங்கிக் காசை விட்டு, கடைசியில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீர் போகும் வழியைப் போல

குளத்தில் தண்ணீர் இருக்கிறது, வயலும் இருக்கிறது. இடையில் துருசு, வாய்க்கால், வரம்பில் வெட்டிய வாய் எல்லாம் சரியாக இருந்தால்தான் பயிருக்கு நீர் போகும். ஒன்று அடைபட்டாலும் போகாது. இதுவும் அப்படியே. படம் மடிகணினியில் இருக்கிறது. மடிகணினி அதை வானலையாக அனுப்ப வேண்டும். அனுப்பியதைப் பிடிப்பதற்குத் தொலைக்காட்சிப் பக்கத்தில் ஒரு சிறிய வாங்கி வேண்டும். வாங்கி பிடித்த படம் தொலைக்காட்சிக்குள் நுழைவதற்கு ஒரு துவாரம் வேண்டும். புதிய 'ஸ்மார்ட்' தொலைக்காட்சிகளில் வாங்கி உள்ளேயே இருக்கும். பழைய பெட்டியில் அது இல்லை, ஆகையால் வெளியே வாங்கிப் பொருத்துகிறோம். விசயம் இவ்வளவுதான்.

பலர் கடைக்குப் போய் முதலில் வாங்கியைக் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். முதலில் பார்க்க வேண்டியது வயலின் வாயை, அதாவது பெட்டியின் பின்புறத்தை.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பெட்டியைச் சுவரிலிருந்து கொஞ்சம் இழுத்து, ரோச் லைற் அடித்துப் பின்புறத்தையும் பக்கங்களையும் பாருங்கள். மூன்று விதமான துவாரங்களில் ஒன்றாவது இருக்கும்.

தட்டையாய், இரண்டு கீழ்மூலைகளும் சரிந்து, விரல் நகத்தைவிடச் சற்று அகலமாய் ஒரு துவாரம் இருந்தால் அது எச்.டி.எம்.ஐ. இந்த முறை 2002 டிசம்பரில் அறிமுகமானது. சில ஆண்டுகளில் வந்த தட்டைத் திரைத் தொலைக்காட்சிகளில் இது பரவிவிட்டது. 'ஸ்மார்ட்' இல்லாத தட்டைப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேலை மிகச் சுலபம்: வாங்கியை நேரே இதில் செருகிவிடலாம்.

மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று வட்டத் துவாரங்கள் இருந்தால் அது ஏ.வி. மஞ்சள் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. சில பெட்டிகளில் மஞ்சளும் வெள்ளையும் மட்டும் இருக்கும், அதனால் குறையில்லை. சில பெட்டிகளில் இவை முன்பக்கத்தில் ஒரு சிறிய மூடிக்குள் ஒளிந்திருக்கும். சிடி, டிவிடி பிளேயர் பொருத்திய துவாரம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். 'இன்' என்று எழுதியதையே பாவிக்க வேண்டும். 'அவுட்' என்று எழுதியது படம் வெளியே போவதற்கானது. எங்கள் மண்டபத்துப் பெட்டி இந்த வகைதான். நம் சனங்களிடம் எஞ்சியிருக்கும் குழாய்ப் பெட்டிகளில் பெரும்பாலானவையும் இதே வகைதான்.

மூன்றாவது, அன்ரனா வயர் போகும் ஒரே துவாரம் மட்டும் உள்ள மிகப் பழைய பெட்டி. இலங்கையில் 1979 இல் முதல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கிய பின் வந்த ஆரம்பகாலப் பெட்டிகள் பல இப்படித்தான். இதற்கும் வழி உண்டு. அந்தக் காலத்தில் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் வைத்து விடிய விடியப் படம் பார்த்த 'டெக்' ஞாபகம் இருக்கும். ஒரு டெக் எங்காவது பரணில் கிடந்தால், அதன் பின்னால் உள்ள ஏ.வி. 'இன்' துவாரங்களில் படத்தைக் கொடுத்து, டெக்கிலிருந்து அன்ரனா வயரால் பெட்டிக்கு எடுக்கலாம். டெக் அதை ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் அலையைப்போல மாற்றிக் கொடுக்கும். அது யு.எச்.எவ். 36 ஆம் அலைவரிசைக்கு அண்மையில் வரும். பெட்டியை அங்கே திருப்பிப் பிடிக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், படத்துக்கு இது போதும், எழுத்துக்குப் போதாது. இதற்கென்று புதிதாகக் காசு செலவழிக்க வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. பின்புறத்தைப் பார்ப்பது என்றால் வெளியிலிருந்து பார்ப்பது மட்டுமே. மூடியைக் கழற்றக் கூடாது. குழாய்ப் பெட்டிக்குள் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் உண்டாகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்த மின் குழாயில் தங்கியிருக்கும். இன்னொன்று, இந்தப் பெட்டிகளின் பாரம் முழுக்கக் கண்ணாடிப் பக்கத்தில் இருக்கிறது. ஒடுங்கிய மேசையில் வைத்தால் முன்பக்கமாகக் கவிழும், கீழே பிள்ளைகள் இருப்பார்கள்.

நான் காசு விட்ட இடம்

மூன்று வண்ணத் துவாரம் உள்ள பெட்டிக்கு இரண்டு பொருள் தேவை: வானலையைப் பிடிக்கும் வாங்கி ஒன்று, அதன் எச்.டி.எம்.ஐ. படத்தை ஏ.வி. படமாக மாற்றும் மாற்றி ஒன்று. வாங்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு எச்.டி.எம்.ஐ. செருகி மட்டுமே இருக்கும். ஏ.வி. வயரும் சேர்ந்து வரும் வாங்கி சில கடைகளில் கிடைக்கிறது. கிடைத்தால் மாற்றி தேவையில்லை.

மாற்றி என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. இதில் இரண்டு இனம் இருக்கிறது. ஒன்று எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி. ஆக்குவது, மற்றது ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ. ஆக்குவது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப் போல இருக்கும். நிறம், அளவு, துவாரங்கள் எல்லாம் ஒன்றே, மேலே எழுதியிருக்கும் எழுத்தின் வரிசை மட்டும் வேறு. நமக்கு வேண்டியதில் 'எச்.டி.எம்.ஐ.' என்பது முதலிலும் 'ஏ.வி.' என்பது பின்னாலும் இருக்கும். கடைக்காரர் எடுத்துத் தந்ததை நான் வாசிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு நாள் மல்லுக்கட்டியும் படம் வரவில்லை. பெட்டியில்தான் பழுது என்று நினைத்து அதைத் திருத்தக் கொடுக்கவும் ஆயத்தமானேன். பிறகு பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைதான், "மாமா, இது மற்றப் பக்கமாப் போறதெல்லோ" என்று சொன்னாள்.

ஆகவே கடைக்குப் போகும்போது, பெட்டியின் பின்புறத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போங்கள். "இந்தத் துவாரத்துக்கு மடிகணினிப் படம் போக வேண்டும்" என்று சொல்லுங்கள். முடியுமென்றால் கடையிலேயே பொருத்திக் காட்டச் சொல்லுங்கள்.

மாற்றியின் பக்கத்தில் ஒரு சிறு ஆளி இருக்கும், அதில் பி.ஏ.எல்., என்.ரி.எஸ்.சி. என்று எழுதியிருக்கும். இலங்கையில் பி.ஏ.எல். முறைதான். ஆளி மற்றப் பக்கம் இருந்தால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், அல்லது மேலும் கீழுமாக உருண்டுகொண்டிருக்கும். இதைக் கண்டு பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு.

வாங்கிக்கும் மாற்றிக்கும் தனித்தனியே 5 வோல்ற் மின் வேண்டும். பழைய பெட்டியில் யு.எஸ்.பி. துவாரம் இராது. கைத்தொலைபேசி சார்ஜர் இரண்டு, அல்லது இரண்டு வாய் உள்ள சார்ஜர் ஒன்று போதும். வலுவில்லாத சார்ஜரைப் போட்டால் வாங்கி நின்று நின்று தொடங்கும்.

என்னுடைய ஆலோசனை ஒன்று இருக்கிறது, கடைக்காரர் இதை விரும்பமாட்டார். இரண்டையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். முதலில் மாற்றியை மட்டும் வாங்கி, மடிகணினியின் எச்.டி.எம்.ஐ. துவாரத்திலிருந்து வயரால் மாற்றிக்குக் கொடுத்து, மாற்றியிலிருந்து பெட்டிக்குக் கொடுத்துப் பாருங்கள். வயர் இல்லாமல் காட்டுவதற்கும் எப்படியும் அந்த மாற்றி வேண்டும், ஆகையால் காசு வீண் போகாது. நல்ல மஞ்சள் வயர் பத்து மீற்றர் நீண்டாலும் படம் பெரிதாகக் கெடாது. பெட்டி வேலை செய்கிறதா, சனம் அதைப் பார்க்க வருகிறதா, எழுத்துத் தெரிகிறதா என்பதெல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். ஒரு போகம் கழித்து, வயர்தான் இடைஞ்சல் என்று கண்டால் வாங்கியை வாங்கலாம். சங்கத்துக் காசில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும்.

எங்களுக்கு வயர் உண்மையாகவே இடைஞ்சலாக இருந்தது. பெட்டி ஓர் ஓரத்தில் உயரத்தில் இருந்தது. மடிகணினியை வைத்திருப்பவர் சனத்தின் நடுவே பாயில் இருந்தால்தான் ஆட்கள் கேட்கக் கேட்கத் திறந்து காட்டலாம். இடையே வயர் கிடந்தால் ஓடித்திரியும் பிள்ளை ஒன்று போதும், மடிகணினி நிலத்தில்.

இன்ரநெற் வேண்டியதில்லை

வயர் இல்லாமல் என்றவுடன் "அதுக்கு டேற்றா முடியுமே" என்று கேட்கிறார்கள். முடியாது. எந்த முறையைத் தெரிந்தெடுக்கிறீர்கள் என்பதில் இது தங்கியிருக்கிறது.

மிராகாஸ்ட் என்ற முறையில் மடிகணினியும் வாங்கியும் தமக்குள் நேரடியாக வைபை அலையில் பேசிக்கொள்ளும். இடையில் ரூட்டரும் தேவையில்லை, இன்ரநெற்றும் தேவையில்லை. வைபை ஆளி போட்டிருந்தால் போதும். கைத்தொலைபேசிச் சமிக்ஞையே எட்டாத இடத்திலும் இது வேலை செய்யும். 2012 செப்ரெம்பரில் இந்த முறைக்குச் சான்று வழங்கத் தொடங்கினார்கள். 2013 இல் வந்த விண்டோஸ் 8.1 முதல் விண்டோஸ் மடிகணினிகளில் இதற்கான வசதி சேர்ந்து வருகிறது. விண்டோஸ் 7 உள்ள பழைய மடிகணினியில் இது இல்லை. அப்பிளின் மடிகணினிகளும் இதைப் பேசுவதில்லை. அவற்றுக்கு ஏர்பிளே என்ற வேறு முறை இருக்கிறது, ஆகையால் ஏர்பிளேயும் தெரிந்த வாங்கியையே தேட வேண்டும்.

குரோம்காஸ்ட் என்பது கூகிள் நிறுவனத்தின் வாங்கி, 2013 யூலையில் வந்தது. வீட்டில் ரூட்டர் இருந்து, இன்ரநெற்றும் ஒழுங்காக இருந்தால் நல்ல பொருள். நமது நிலைமைக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். அதை முதலில் ஆயத்தம் செய்யவே இன்ரநெற் வேண்டும். 2024 ஓகஸ்டில் அதன் உற்பத்தியை நிறுத்துவதாகக் கூகிள் அறிவித்துவிட்டது. 2025 மார்ச்சில், உள்ளே இருந்த ஒரு பாதுகாப்புச் சான்றிதழின் காலம் முடிந்ததால், இரண்டாம் தலைமுறைக் குரோம்காஸ்ட்கள் உலகம் முழுவதும் திடீரென்று படம் வாங்க மறுத்தன. நிறுவனம் திருத்தம் அனுப்பிய பிறகுதான் திரும்ப வேலை செய்தன. கையில் இருக்கும் பொருள் பழுதில்லாமலே நின்றுபோனது, ஏனென்றால் அது தொலைவில் உள்ள ஒருவரின் அனுமதியில் ஓடுகிறது. பழைய சாமான் கடைகளில் இவை மலிவாகக் கிடைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மடிகணினி மிராகாஸ்ட் பேசுமா என்று அறிய வழி உண்டு. விண்டோஸ் விசையையும் 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறு கட்டம் வரும். அதில் 'டி-எக்ஸ்-டி-ஐ-ஏ-ஜி' என்ற ஆறு ஆங்கில எழுத்தையும் இடைவெளியின்றி எழுதி உள்ளே போங்கள். வருகின்ற அறிக்கையைச் சேமித்துத் திறந்தால், அதில் 'மிராகாஸ்ட்' என்ற சொல்லுக்கு எதிரே 'அவெய்லபிள்' என்று இருக்க வேண்டும். கடையில் பழைய மடிகணினி வாங்குபவர்கள் காசு கொடுக்க முன்னர் இதைச் செய்து பார்க்கலாம். அலுவலகங்கள் கொடுத்த மடிகணினிகள் சிலவற்றில் இந்த வசதியைப் பூட்டி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் கொடுத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

பொருத்தும் நாள்

பெட்டியைப் போட்டு, றிமோட்டில் 'ஏ.வி.' அல்லது 'வீடியோ' என்ற பொத்தானை அழுத்துங்கள். றிமோட் தொலைந்திருந்தால், பல பெட்டிகளில் முன்பக்கப் பொத்தானால் ஒன்றாம் அலைவரிசைக்கும் கீழே இறங்கினால் ஏ.வி. வரும். வாங்கிக்கு மின் வந்ததும் அதன் பெயர் திரையில் தெரியும். பெயர் தெரிந்தால் வாங்கி, மாற்றி, பெட்டி மூன்றும் சரி. மிச்சம் மடிகணினிப் பக்கம் மட்டும்.

மடிகணினியில் விண்டோஸ் விசையையும் 'கே' விசையையும் சேர்த்து அழுத்துங்கள். அருகில் உள்ள வாங்கிகளின் பட்டியல் வரும். உங்கள் வாங்கியின் பெயரைத் தொட்டுச் சற்றுப் பொறுங்கள். சில வாங்கிகள் பெட்டித் திரையில் ஓர் இலக்கத்தைக் காட்டி அதை மடிகணினியில் எழுதச் சொல்லும். முதல் தடவை பிடிக்காமல் விடுவது வழமை. வாங்கியின் மின்னைக் கழற்றித் திரும்பப் போட்டு மறுபடி முயலுங்கள்.

படம் விட்டு விட்டு வந்தால், வாங்கி பெட்டியின் பின்னால் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். குழாயும் உலோகமும் அலையை மறைக்கும். சிறு நீட்டு வயரால் அதைப் பக்கவாட்டில் வெளியே எடுத்து, மடிகணினி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொங்கவிட்டால் எவ்வளவோ முன்னேற்றம் இருக்கும். ஐந்தாறு மீற்றருக்குள் இருந்து காட்டுவது நல்லது.

மடிகணினியில் நடப்பது பெட்டியில் வர ஒரு கணம் பிந்தும். படத்தைச் சுருக்கி அனுப்பி மறுபக்கம் விரிப்பதால் அப்படி. ஒலியும் சேர்ந்தே பிந்துவதால் விளக்கப்படம் பார்ப்பதற்கு ஒரு குறையுமில்லை. காசு கட்டிப் பார்க்கும் சினிமாப் படங்கள் சில மாற்றியூடாக வர மறுக்கும். அது களவாகப் பிரதி எடுப்பதைத் தடுக்க வைத்த பூட்டு, உங்கள் பிழையல்ல. நெல், வெங்காயம், மாடு வளர்ப்புப் பற்றிய விளக்கப்படங்களை நகரத்துக்குப் போகும்போது இறக்கி மடிகணினியில் வைத்துக்கொண்டால், கூட்டத்தன்று இன்ரநெற்றை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

மடிகணினியில் உள்ளதெல்லாம் அப்படியே பெட்டியில் தெரியும் என்பதையும் மறக்க வேண்டாம். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மகனின் கடிதமோ வங்கிக் கணக்கோ வந்து நிற்கக் கூடாது. விண்டோஸ் விசையும் 'பி' விசையும் அழுத்தினால் 'எக்ஸ்ரென்ட்' என்று ஒரு தெரிவு வரும். அதை எடுத்தால் பெட்டி இரண்டாவது மேசையைப் போல ஆகிவிடும், நீங்கள் இழுத்துவிட்டது மட்டும் அங்கே தெரியும்.

எழுத்துத் தெரிய வேண்டுமே

படத்தைப் பெட்டியில் கொண்டு வந்தவுடன் நாங்கள் கைதட்டினோம். பட்டியலைத் திறந்தபோது கைதட்டல் நின்றுவிட்டது. ஓர் எழுத்தும் தெரியவில்லை, எல்லாம் எறும்பு ஊர்ந்ததைப்போல.

காரணம் இதுதான். நமது பி.ஏ.எல். பெட்டியில் படம் 625 கோடுகளால் ஆனது, அதில் கண்ணுக்கு வருவது 576. சாதாரண மடிகணினியின் திரையில் 768 அல்லது 1080 கோடு. பெரிய சாக்கிலிருப்பதைச் சின்னச் சாக்கில் திணித்தால் சிந்தத்தான் செய்யும். அதோடு மடிகணினித் திரை அகலமானது, பழைய பெட்டி கிட்டத்தட்டச் சதுரம். ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும், அல்லது படம் நெருக்கப்பட்டு ஆட்கள் எல்லாம் மெலிந்து தெரிவார்கள். ஓரங்களில் கொஞ்சம் வெட்டுப்படுவதும் குழாய்ப் பெட்டியின் இயல்பு.

இதற்கு வைத்தியம் மடிகணினியில்தான். திரை அளவை 800க்கு 600 என்று குறையுங்கள், அந்த அளவு பெட்டியின் வடிவத்தோடு ஒத்துப்போகும். காட்டப் போகும் எழுத்தைப் பெருப்பியுங்கள். எங்கள் அனுபவத்தில் ஒரு திரையில் எட்டு வரிக்கு மேல் வைத்தால் பின்பாயில் இருப்பவருக்குத் தெரிவதில்லை. மெல்லிய கோடு மினுங்கும், தடித்த கோடு போடுங்கள். சிவப்பு எழுத்து மஞ்சள் வயரூடாக வரும்போது மை கசிந்ததைப்போலப் பரவும். கடும் நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்து நன்றாக நிற்கும். வரைபடம் என்றால், விண்டோஸ் விசையோடு கூட்டல் விசையை அழுத்த ஓர் உருப்பெருக்கி வரும், அதை நகர்த்தி ஒவ்வொரு மூலையாகக் காட்டலாம்.

பூச்சி தாக்கிய இலையும், நாற்று நடும் விதமும் இந்தப் பெட்டியில் அழகாகத் தெரியும். புரொஜெக்ரருக்கு அறையை இருட்டாக்க வேண்டும், குழாய்ப் பெட்டியைப் பகல் வெளிச்சத்திலும் பார்க்கலாம்.

மின் இல்லாத நாளில்

1990களில் யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாம். மின்வெட்டு வந்தால் கூட்டத்தை ஒத்திவைக்க வேண்டியதில்லை. 21 அங்குலக் குழாய்ப் பெட்டிக்கு ஏறத்தாழ 80 வாற் என்று வைத்துக்கொள்ளுங்கள், மடிகணினிக்கு 40, வாங்கிக்கும் மாற்றிக்கும் 10. மொத்தம் 130. 12 வோல்ற், 100 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் 1200 வாற் மணி இருக்கிறது. பற்றரி பழுதாகாமல் இருக்க அதில் பாதியையே எடுப்பது நல்லது, அதாவது 600. இன்வேட்டரில் வீணாகும் பங்கையும் கழித்தால் ஏறத்தாழ நாலு மணித்தியாலம் ஓடும். நிறப் பெட்டி போடும் கணத்தில் மட்டும் மின்னை அதிகமாக இழுக்கும், மிகச் சிறிய இன்வேட்டர் அப்போது நின்றுவிடலாம். அதனால் முதலில் பெட்டியைப் போட்டு, பிறகு மற்றவற்றைப் போடுங்கள்.

பட்டியல் திரும்ப வந்த நாள்

ஒரு மாதம் கழித்து அதே பட்டியலைத் திரும்பக் காட்டும்படி கேட்டோம். அலுவலரும் மறுக்கவில்லை. ஒரு திரைக்கு ஆறு பெயர் என்று எழுத்தைப் பெருப்பித்து, ஒவ்வொன்றாக நகர்த்தினோம். பெயரோடு காணியின் அளவையும் ஒரு பிள்ளை உரத்து வாசித்தாள்.

மூன்றாம் திரையிலோ நாலாம் திரையிலோ பின்பாயில் இருந்து ஒரு அம்மா எழுந்தார். "பிள்ளை, அதில பன்னிரண்டு பேர்ச் எண்டோ கிடக்குது? எங்கட பன்னிரண்டு பரப்பெல்லோ" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச். பன்னிரண்டு பரப்பு 120 பேர்ச். பட்டியலில் எழுதியிருந்ததோ அதில் பத்தில் ஒரு பங்கு. முதல் கூட்டத்தில் இந்த அம்மாவுக்கும் "பேர் இருக்குதம்மா" என்றுதான் சொல்லியிருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்கள். இன்னும் நாலு இடத்தில் இதே பிழை. எழுதியவர் பரப்புக் கணக்குப் பழகாத ஊரவராக இருந்திருக்க வேண்டும். அன்றைக்கே அலுவலர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, உறுதிப் பிரதிகளோடு வரும்படி நாள் கொடுத்தார்.

அந்தப் பெட்டி இப்போது சேலைத் துண்டுக்குள் இல்லை. மழைக்காலத்தில் ஈரம் பிடிக்காமல் இருக்க, கூட்டம் இல்லாவிட்டாலும் கிழமைக்கு ஒரு முறை அரை மணித்தியாலம் போட்டு வைக்கிறார்கள். என்றாவது அது முற்றாகப் பழுதுபட்டால் உடைத்தோ எரித்தோ விடாதீர்கள். கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, கிணற்றடிக்கும் தோட்டத்துக்கும் அது ஆகாது. மின்னணுக் கழிவு எடுப்பவர்களிடம் முழுப் பெட்டியாகக் கொடுங்கள். மாற்றியும் வாங்கியும் அடுத்த பெட்டிக்கு உதவும், அவற்றைச் சார்ஜரோடு ஒரு பிளாஸ்ரிக் டப்பாவில் போட்டு, எந்த வயர் எதற்கு என்று துண்டு எழுதி ஒட்டி வையுங்கள்.